ஆன்டிபயாடிக் கலந்த நீருக்கு எந்த ஒளிவினையூக்கி? ஓர் ஒப்பீடு

வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் மாணவர்களும், மருந்தாலைகளின் கழிவுநீர்ப் பிரிவில் பணிபுரியும் பொறியாளர்களும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். நீரில் கலந்துவிட்ட ஆன்டிபயாடிக்கை, ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் ஒளிவினையூக்கியைக் கொண்டு சிதைக்க முடியும் என்று படிக்கிறோம். டைட்டானியம் டைஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு, கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் சேர்மங்கள் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? மாணவர் எந்தப் பொடியைத் தயாரிப்பது என்று கேட்கிறார், பொறியாளர் எந்தக் கருவிக்குப் பணம் ஒதுக்குவது என்று கேட்கிறார். இருவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது, ஊக்கியிலிருந்து யோசிக்கத் தொடங்காதீர்கள், உங்கள் முன்னால் இருக்கும் நீரிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான்.

பட்டான்செருவின் நீர்

உண்மையான ஒரு நீரை முன்வைத்துக்கொண்டால்தான் ஒப்பீடு உறுதிப்படும். ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து உற்பத்தி ஆலைகளின் கழிவுநீரைப் பெற்றுவந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடனைச் சேர்ந்த யோக்கிம் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். சுத்திகரிப்பு முடிந்து வெளியேறிய அந்த நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. மாத்திரை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவைவிட இது பன்மடங்கு அதிகம். நாளொன்றுக்குச் சுமார் 1,500 கன மீட்டர் நீர் வெளியேறியதால், அந்த ஒரு மருந்து மட்டும் நாளுக்கு 45 கிலோ அளவில் ஓடைக்குப் போனது என்று கணக்கிட்டார்கள்; அது அன்றைய ஸ்வீடன் மக்கள் அனைவரும் ஐந்து நாட்களில் உட்கொண்ட அளவு. ஓடையிலிருந்து நக்கவாகு, அங்கிருந்து மஞ்சீரா, பின்னர் கோதாவரி என்பது அந்த நீரின் வழி.

இதன் எதிர்முனையில் ஓர் எண் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமைத் தாண்டினால், எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் மற்றவற்றை முந்திப் பெருகும் வாய்ப்பு உண்டு என்று 2016-இல் ஒரு பாதுகாப்பு வரம்பு முன்மொழியப்பட்டது. முதல் எண்ணையும் இந்த எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு. 99.9 சதவீதம் நீக்கிவிட்டோம் என்று ஓர் ஆய்வறிக்கை பெருமைப்பட்டாலும், 31 மில்லிகிராமிலிருந்து மிஞ்சும் 31 மைக்ரோகிராம் அந்த வரம்பைப்போல் 480 மடங்கு இருக்கும். 2019-இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக உயிரிழந்தனர் என்று மதிப்பிடப்பட்டிருக்கும்போது, இந்தச் சதவீதக் கணக்கில் ஏமாந்துபோக நமக்கு உரிமை இல்லை.

எவற்றை அளவுகோலாகக் கொள்வது

ஒளிவினையூக்கி என்பது ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை மேல் பட்டைக்குத் தள்ளும் ஒரு குறைகடத்தி. தள்ளப்பட்ட எலக்ட்ரான் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சூப்பர் ஆக்சைடை உருவாக்கும். எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடமான துளை, நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற, வேகமாக வினைபுரியும் துகளை உருவாக்கும். மருந்து மூலக்கூறைத் தாக்குபவை இவைதான். எலக்ட்ரானும் துளையும் வேலை செய்வதற்கு முன்பே மீண்டும் சேர்ந்துவிட்டால், வாங்கிய ஒளி வெப்பமாக வீணாகும்.

இதிலிருந்து முதல் அளவுகோல் பிறக்கிறது: ஒளி எங்கிருந்து வருகிறது, அதில் எத்தனை பங்கை அந்தப் பொருள் உறிஞ்சும்? இரண்டாவது, நீரில் மருந்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஹைட்ராக்சில் தனி உறுப்பு ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. இந்தியாவில் நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு வேதி ஆக்சிஜன் தேவையின் (நீரிலுள்ள கரிமப் பொருட்களை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) பொது வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அந்த வரம்புக்குள் அடங்கிய நீரிலும், ஒரு மைக்ரோகிராம் ஆன்டிபயாடிக்கைச் சுற்றி அதைப்போல் பல்லாயிரம் மடங்கு வேறு கரிமப் பொருட்கள் இருக்கும். பைகார்பனேட், குளோரைடு அயனிகளும் தம் பங்குக்குத் தனி உறுப்புகளை விழுங்கும். வாலைவடிநீரில் கிடைத்த வேகம் கழிவுநீரில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது அளவுகோலை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: மூலக்கூறு மறைந்தால் போதாது, அதன் பாக்டீரியாவைக் கொல்லும் தன்மை மறைய வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் மூலக்கூறின் ஓரத்திலுள்ள பைப்பரசின் வளையம் உடைந்தாலே, அளவிடும் கருவியின் வரைபடத்தில் அந்த மருந்தைக் காட்டும் உச்சி மறைந்துவிடும்; ஆனால் மருந்துத் தன்மைக்குக் காரணமான குயினோலோன் மையம் அப்படியே இருந்தால் விளைபொருளுக்கும் ஓரளவு மருந்துத் தன்மை இருக்க வாய்ப்புண்டு. நான்காவது, ஊக்கியை நீரிலிருந்து மீட்பது எப்படி, மீட்க முடியாத பகுதி என்ன செய்யும்? ஐந்தாவது, ஒரு கன மீட்டர் நீரில் மருந்தின் செறிவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும்?

கடைசி அளவுகோலுக்கு ஓர் எளிய கணக்கு. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக 100 மில்லி லிட்டர் நீரை 300 வாட் செனான் விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். அதற்குச் செலவாவது 0.3 யூனிட். அதே விகிதத்தில் ஒரு கன மீட்டருக்குக் கணக்கிட்டால் 3,000 யூனிட் ஆகிறது. ஆய்வுக்கூட விளக்கை அப்படியே ஆலைக்குக் கொண்டுபோக யாரும் நினைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எழுதப்படும் முடிவுரைகள் ஏராளம்.

ஒரே பார்வையில்

| தெரிவு | வேலை செய்யும் ஒளி | பலம் | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| டைட்டானியம் டைஆக்சைடு | புற ஊதா மட்டும் | உறுதி, வலுவான ஆக்சிஜனேற்றம் | விளக்கின் மின்சாரம், நுண்பொடியை மீட்டல் | தெளிந்த நீர், சிறு அளவு |
| துத்தநாக ஆக்சைடு | புற ஊதா மட்டும் | விலைக் குறைவு, நல்ல வேகம் | கரைந்து வெளியேறும் துத்தநாகம் | ஆய்வுக்கூடம் |
| கார்பன் நைட்ரைடு | ஊதா, நீலம் வரை | உலோகம் இல்லை | முழுமையற்ற சிதைவு, தயாரிப்பில் இழப்பு | சூரிய ஒளி ஆய்வுகள் |
| பிஸ்மத் சேர்மங்கள் | கட்புல ஒளி | உறிஞ்சும் ஒளியின் அலைநீள வரம்பு அகலம் | தனித்து இயங்க இயலாமை, உலோகக் கசிவு | கலப்பு ஊக்கி ஆய்வுகள் |
| இரும்பு, பெராக்சைடு, சூரிய ஒளி | புற ஊதா, கட்புல ஒளியின் ஒரு பகுதி | வேகம், எளிய பொருட்கள் | அமிலம், சுண்ணாம்பு, கசடு, உப்பு | ஆலையின் செறிந்த கழிவு, திறந்தவெளி |
| ஓசோன் | தேவையில்லை | பேரளவில் நிரூபிக்கப்பட்டது | புரோமேட், உற்பத்திக் கருவி | உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின் |
| கிளர்வூட்டிய கரி | தேவையில்லை | எளிமை | கரியை எரித்தல் அல்லது புதுப்பித்தல் | கடைசி மெருகு |

டைட்டானியம் டைஆக்சைடு

1972-இல் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயில் ஒளியைச் செலுத்தி நீரைப் பிளந்து காட்டியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. வெள்ளைப் பெயின்டில் இருக்கும் அதே பொருள் என்பதால் கிடைப்பதில் சிரமம் இல்லை. அனடேஸ், ரூட்டைல் என்ற இரு படிக வடிவங்களும் ஏறத்தாழ 80-க்கு 20 என்ற விகிதத்தில் கலந்த பி-25 பொடிதான் உலகெங்கும் ஒப்பீட்டு அளவாகப் பயன்படுகிறது. எந்தப் புதிய ஊக்கியைப் பற்றிப் படித்தாலும் அது பி-25-உடன் அதே விளக்கில், அதே நீரில் ஒப்பிடப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.

இதன் பலம் உறுதி. கரையாது, அமிலத்துக்கும் காரத்துக்கும் அசையாது, ஒளியால் அரிக்கப்படாது. இதில் உருவாகும் துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உருவாக்கும் ஆற்றல் கொண்டது. அதனால் மருந்தின் முதல் பிணைப்பை உடைப்பதோடு நிற்காமல், போதிய நேரம் கிடைத்தால் மூலக்கூறைக் கார்பன் டைஆக்சைடு வரை கொண்டுசெல்லும்.

குறை அதன் ஆற்றல் இடைவெளியில், அதாவது எலக்ட்ரானை மேல் பட்டைக்குத் தள்ளத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலில், இருக்கிறது. அனடேஸுக்கு அது 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட ஒளி மட்டுமே அதற்குப் பயன்படும். பூமியை அடையும் சூரிய ஒளியில் அந்தப் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. சூரியனை நம்பினால் பரப்பு தேவை, விளக்கை நம்பினால் மின்சாரம் தேவை. தனி உறுப்புகளைக் கொண்டு மாசுகளை உடைக்கும் வளர்நிலை ஆக்சிஜனேற்ற முறைகளைப் பற்றி வெளியான அளவீடுகளையெல்லாம் தொகுத்த 2018 ஆய்வுக் கட்டுரை ஒன்று, செறிவைப் பத்தில் ஒரு பங்காக்க ஓசோனுக்குக் கன மீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகிறது என்றும், புற ஊதா விளக்கில் இயங்கும் ஒளிவினையூக்கத்துக்கு 100 யூனிட்டுக்கும் மேல் ஆகிறது என்றும் காட்டியது. பட்டான்செருவின் 1,500 கன மீட்டருக்கு அந்த 100-ஐப் பொருத்தினால், ஒரே ஒரு பத்து மடங்குக் குறைப்புக்கு நாளுக்கு 1,50,000 யூனிட். நமக்குத் தேவையோ கிட்டத்தட்ட ஆறு பத்து மடங்குக் குறைப்புகள்.

மீட்புச் செலவும் சிறியதல்ல. லிட்டருக்கு ஒரு கிராம் பொடி என்று வைத்தால், 1,500 கன மீட்டரில் 1.5 டன் பொடி சுழல வேண்டும். அதில் நூற்றில் ஒரு பங்கு வடிகட்டியைத் தாண்டினாலும் நாளுக்கு 15 கிலோ நுண்துகள் ஓடையில் சேரும். பொடியைக் கண்ணாடி மணிகளிலோ தகடுகளிலோ பூசி நிலைநிறுத்தினால் இந்தத் தொல்லை நீங்கும். ஆனால் நீர் தொடும் பரப்பு குறைந்து வேகம் விழும். எனினும் சிறிய அளவில், தெளிந்த நீரில், பூசிய தகடு நல்ல தெரிவு.

துத்தநாக ஆக்சைடு

ஆய்வுக்கூடத்தில் இது டைட்டானியத்துக்கு இணையாகவும், சில வேளைகளில் அதைவிட வேகமாகவும் வேலை செய்யும், தயாரிப்பதும் எளிது. இருந்தும் ஆன்டிபயாடிக் நீருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமில நீரில் இது கரையும், வலுவான காரத்திலும் கரையும், ஒளிபட்டால் தானே அரிபடும். அப்படிக் கரையும் துத்தநாகம் நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சு என்பதோடு விஷயம் முடிவதில்லை. துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுக்களும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்களும் பாக்டீரியாவில் பல வேளைகளில் பிளாஸ்மிட் என்ற ஒரே டி.என்.ஏ. வளையத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே உலோகத்தின் அழுத்தமே மருந்து எதிர்ப்பையும் வளர்த்துவிடும். எதை ஒழிக்கத் தொடங்கினோமோ அதையே வேறு வழியில் ஊட்டி வளர்க்கும் பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது? வெள்ளி பாஸ்பேட் போன்ற வெள்ளி ஊக்கிகளுக்கும் இதே மறுப்பு பொருந்தும்.

கார்பன் நைட்ரைடு

யூரியாவையோ மெலமைனையோ மூடிய கிண்ணத்தில் 550 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் மஞ்சள் நிறப் பொடி கிடைக்கும். அதுதான் கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு. 2009-க்குப் பிறகு ஆய்வாளர்களின் கவனத்தை இது ஈர்த்ததற்குக் காரணங்கள் உண்டு: உலோகம் இல்லை, மூலப்பொருள் மலிவு, ஆற்றல் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் நீல ஒளி வரை உறிஞ்சும்.

ஆனால் இதில் உருவாகும் துளைக்கு நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை நேரடியாக உருவாக்கும் வலிமை இல்லை. வேலையின் பெரும்பகுதியைச் சூப்பர் ஆக்சைடு செய்கிறது. அது டெட்ராசைக்ளின் போன்ற எளிதில் தாக்கப்படும் மூலக்கூறுகளை உடைக்கும். உடைந்த துண்டுகளை இறுதிவரை எரிப்பதில் பின்தங்கும். மூன்றாவது அளவுகோலில் இது கவலை தருகிறது. யூரியாவிலிருந்து தயாரிக்கும்போது எடையின் பெரும்பகுதி அமோனியா முதலிய வாயுக்களாகப் போய்விடும் என்பதையும் மலிவு என்று சொல்லும்போது நினைவில் கொள்ள வேண்டும். வெயில் நிறைந்த நாட்டில் நீண்ட கால ஆய்வுக்கு இது தகுதியான பொருள். அடுத்த ஆண்டு ஆலையில் பொருத்துவதற்கான பொருள் அல்ல.

பிஸ்மத் சேர்மங்கள்

பிஸ்மத் வனடேட்டின் இடைவெளி 2.4 எலக்ட்ரான் வோல்ட். கட்புல ஒளியில் நன்றாக இயங்கும். ஆனால் அதில் கிளர்ந்த எலக்ட்ரானுக்கு ஆக்சிஜனைச் சூப்பர் ஆக்சைடாக மாற்றும் ஆற்றல் போதாது. ஆகவே கார்பன் நைட்ரைடு போன்ற இன்னொரு பொருளுடன் இணைத்தே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. இணைப்பு ஊக்கிகள் தாளில் அழகாக இருக்கின்றன. பத்து முறை பயன்படுத்திய பின் வனேடியம் எவ்வளவு கரைந்தது என்ற கேள்விக்கு விடை தராத கட்டுரையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இரும்பு, பெராக்சைடு, சூரிய ஒளி

கண்டிப்பாகச் சொன்னால் இது குறைகடத்தி ஊக்கி அல்ல. இரும்பு அயனி கரைந்த நிலையிலேயே ஊக்கியாகச் செயல்பட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை உருவாக்குகிறது. ஆனாலும் ஒளிவினையூக்கம் பற்றி யோசிப்பவர் இதைத் தவிர்க்க முடியாது. ஸ்பெயினின் அல்மேரியாவிலுள்ள சூரிய ஆற்றல் ஆய்வு மையம், வளைந்த கண்ணாடிப் பலகைகளால் ஒளியைக் குழாய்க்குள் குவிக்கும் கருவிகளில் பல ஆண்டுகளாக இரு முறைகளையும் சோதித்துவந்திருக்கிறது. டைட்டானியப் பொடியைவிட இரும்பு முறையே அங்கு வேகமாகச் செயல்பட்டது.

இதன் சிக்கல் அமிலம். வேகம் உச்சத்தில் இருப்பது பி.எச். 2.8 அளவில். நீரை அமிலமாக்கிப் பின் சுண்ணாம்பால் நடுநிலைக்குக் கொண்டுவரும்போது இரும்புக் கசடு சேரும், கரைந்த உப்பின் அளவு உயரும். உப்பு உயர்ந்தால் அதன்பின் வரும் ஆர்.ஓ. சவ்வுக்கும் ஆவியாக்கிக்கும் சுமை கூடும். இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் சிட்ரேட் போன்ற பிணைப்பான்களைச் சேர்த்து நடுநிலை நீரிலேயே இயக்கலாம். அப்போது பிணைப்பானும் ஒரு செலவு, அதுவே கரிமச் சுமையும் ஆகும். ஏற்கெனவே அமிலத்தன்மையுள்ள, அளவில் குறைந்த, மருந்து செறிந்த கழிவு தனியாகக் கிடைக்கும் ஆலைக்கு இதுவே என் முதல் தெரிவு.

ஓசோனும் கரியும்

ஒளியே தேவையில்லாத இந்த இரண்டையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கினால் பொறியாளருக்கு நேர்மை செய்தவர்கள் ஆக மாட்டோம். சுவிட்சர்லாந்து 2016-இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட நகரக் கழிவுநீர் நிலையங்கள் நுண்மாசுகளை 80 சதவீதம் நீக்க வேண்டும். அதற்கு அந்த நாடு கைக்கொண்ட வழிகள் ஓசோனும் கரியும்தான். ஓசோன் சல்ஃபாமெத்தாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றின் எலக்ட்ரான் செறிந்த பகுதிகளைத் தேடித் தாக்குவதால், ஹைட்ராக்சிலைவிட வீணாவது குறைவு. நீரில் புரோமைடு இருந்தால் புற்றுநோய் அபாயமுள்ள புரோமேட் உருவாகும் என்பதால், முதலில் புரோமைடை அளந்துவிட வேண்டும். கரி எதையும் அழிப்பதில்லை. மருந்தை நீரிலிருந்து தன்மேல் மாற்றிக்கொள்கிறது. நிறைந்த கரியை உயர்வெப்ப உலையில் புதுப்பிக்கவோ எரிக்கவோ வழியில்லாத ஊரில் கரித் தொட்டி என்பது மாசை வேறிடத்தில் அடுக்கிவைப்பதுதான். ஆர்.ஓ. சவ்வும் அப்படித்தான்: தெளிந்த நீர் ஒரு பக்கம், செறிந்த கழிவு மறுபக்கம்.

யாருக்கு எது

மருந்தாலையின் பொறியாளருக்கு: ஒளிவினையூக்கியை மையக் கருவியாக வாங்க வேண்டாம். பட்டான்செரு நிலையத்தின் உயிரியல் தொட்டிகளிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களில் 86 சதவீதம் இருபது அல்லது அதற்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கின என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து அந்தத் தொட்டிக்குள் நுழைந்த பிறகு கடைசியில் எவ்வளவு நேர்த்தியான ஊக்கியை வைத்தாலும், எதிர்ப்புப் பாக்டீரியா நடுவிலேயே வளர்ந்துவிடும். ஆகவே உற்பத்திப் பிரிவிலிருந்து வரும், மருந்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் செறிந்த தாய்க்கரைசலைத் தனிக் குழாயில் பிரித்தெடுத்து, அங்கேயே எரிக்கவோ, இரும்பும் பெராக்சைடும் கொண்டு உடைக்கவோ, பெனிசிலின் வகையாக இருந்தால் காரத்தில் வைத்து அதன் பீட்டா-லாக்டம் வளையத்தைத் திறக்கவோ வேண்டும். இந்திய அரசு 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் மருந்தாலைக் கழிவுநீருக்கு ஆன்டிபயாடிக் வரம்புகள் இருந்தன. 2021-இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அவை இல்லை. இதைப் பெரும் இழப்பாகவே நான் கருதுகிறேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் உற்பத்திக் கழிவுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருப்பதால், மருந்தை வாங்கும் அமைப்புகள் நாளை இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மருத்துவமனை அல்லது குடியிருப்பின் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கோ வயலுக்கோ விட நினைப்பவருக்கு: இங்கே மருந்தின் செறிவு மைக்ரோகிராம் அளவில் இருக்கும், நீரும் தெளிந்திருக்கும், கூரையில் வெயிலும் கிடைக்கும். டைட்டானியம் பூசிய ஆழமற்ற தகட்டுத் தொட்டி தன் இயல்புக்கேற்ற இடத்தை அடைவது இங்கேதான். நாளுக்கு நூறு கன மீட்டரைத் தாண்டினால் ஓசோனின் பக்கம் சாய்வது நல்லது என்பது என் கணிப்பு.

ஆய்வு மாணவருக்கு: கார்பன் நைட்ரைடை அடிப்படையாகக் கொண்ட, உலோகம் கசியாத பொருளைத் தேர்ந்தெடுக்கலாம், பி-25 கட்டாயம் உடன் இருக்க வேண்டும். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் தேவை. டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஊக்கியே இல்லாமல் ஒளியில் தாமாகச் சிதையக்கூடியவை. அவற்றை மட்டும் வைத்துச் செய்த சோதனையில் விளக்கின் வேலை ஊக்கியின் கணக்கில் ஏறிவிடும். ஊக்கி இல்லாத ஒளிச் சோதனை, ஒளி இல்லாத ஊக்கிச் சோதனை இரண்டையும் செய்து, ட்ரைமெத்தோபிரிம் போன்று ஒளியை ஓரளவு தாங்கும் மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து அதிலும் செய்து பாருங்கள். கடைசியாக, ஒளி காட்டிய நீரின் சில துளிகளைக் காகித வட்டில் நனைத்து, ஈ. கோலை பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் வட்டைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் இன்னும் தெரிந்தால், அந்த நீரில் மருந்தின் வேலை முடியவில்லை.